கடைசிப் பெட்டிக்கு ஆள் வேண்டும்

மருதமுனையில் ரயில் கிடையாது. தண்டவாளம் கிடையாது. ரயில் கூவும் சத்தம்கூடக் கேட்காது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி மட்டக்களப்புக்குத்தான் போக வேண்டும்.

ஆனாலும் அந்த ஊரில் ஒரு ரயில் சாரதி இருந்தார். அவர் றிப்னாவின் வாப்பா, மஜீட்.

"பொய்! கடல் இரிக்கிற ஊருல தோணிதான் ஓட்டுவாங்க. கோச்சி ஆரு ஓட்டுவாங்க?" என்று ஒருநாள் வகுப்பில் பரீனா கேட்டாள்.

றிப்னா சண்டை போடவில்லை. வாப்பா லீவில் வந்ததும், சீருடையைக் கழற்றுவதற்கு முன்பே அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பரீனாவின் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"இவருதான்" என்றாள்.

பரீனா வாப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, நம்புறன்" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் நல்ல கூட்டாளிகள்.

வாப்பா மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே ரயில் ஓட்டினார். வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. பெருநாளைக்கு எல்லாருடைய வாப்பாவும் புதுச்சாரம் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகும்போது, றிப்னாவின் வாப்பா எங்கேயோ ஒரு காட்டுக்குள் ரயில் ஓட்டிக்கொண்டிருப்பார். ஊருக்குப் போகிறவர்களை அவர்தானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்!

வீட்டுக்கு வந்தாலும் வாப்பா அதிகம் பேசமாட்டார். எஞ்சின் இரைச்சலுக்குள் கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தே பழகிப்போனவர். உம்மா பத்து வார்த்தை பேசினால் அவரிடமிருந்து ஒரு "ம்" வரும்.

"நான் தறிக்கே போறன். அதெண்டாலும் டக்கு டக்கெண்டு மறுமொழி சொல்லும்" என்பார் உம்மா சபூறா. உம்மா நெசவு நெய்பவர். பிறகு அவரே சிரித்துவிடுவார்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் பின்னேரம் நல்லரெத்தினம் மாமா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கல்முனைக்காரர். வாப்பாவோடு நெடுங்காலம் வேலை செய்தவர். வாப்பா ரயிலின் முன்னால் எஞ்சினில் இருப்பார். மாமா கடைசிப் பெட்டியில் கொடியோடு கார்டாக இருப்பார். ஒரே ரயிலில் இரவு முழுக்கப் போவார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது! இப்போது மாமா புதிதாக வரும் கார்டுகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியராகிவிட்டார்.

"மஜீட், நல்ல செய்தி கொண்டு வந்திரிக்கன்" என்றார் மாமா. "புதுச் சாரதிமாருக்குத் தமிழில படிப்பிக்க மட்டக்களப்பில ஆள் தேடுறாங்க. உன்ட பேரைக் குடுத்திட்டன்."

வாப்பா பிளேன்டீயைக் கீழே வைத்தார். "என்ன அண்ணன் சொல்றீங்க! நான் எஞ்சின் கழுவ வந்தவன். எனக்கு எங்க படிப்பிக்க ஏலும்?"

"நான் மட்டும் என்ன? வாழைச்சேனை ஸ்டேசன்ல மூட்டை தூக்க வந்தவன். முதல்ல மூட்டை தூக்கினன். பொறகு கொடி தூக்கினன். இப்ப சோக்குக்கட்டி தூக்கிறன். பாரம் குறைஞ்சுகொண்டே போகுது, பாத்தியா?"

றிப்னா வாய்விட்டுச் சிரித்தாள். வாப்பா சிரிக்கவில்லை.

மாமா விரல்விட்டுச் சொன்னார். "எஞ்சின் கழுவினாய். கிறீஸ் பூசினாய். சாரதிக்குப் பக்கத்தில உதவியாளா நிண்டாய். சாமான் கோச்சி ஓட்டினாய். இப்ப ஆக்களை ஏத்திக்கொண்டு ஓட்டுறாய். இவ்வளவும் உன்ட கைக்குத் தெரியும். அதை வாயால சொன்னாச் சரி."

"அதுதானே பிரச்சினை" என்றார் உம்மா.

புதன்கிழமை ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டுமாம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இருப்பார்கள். பெரிய அதிகாரி ஒருவரும் வந்து உட்காருவாராம். அவருக்குப் பிடித்தால் வாப்பாவுக்கு மட்டக்களப்பில் வேலை. ஒவ்வொரு நாளும் பின்னேர பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடலாம். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் மாகோவுக்கு இடமாற்றம். அங்கிருந்து நினைத்தவுடன் வந்துவிட முடியாது.

றிப்னா வாப்பாவுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளும் வாப்பா வீட்டுக்கு வருவாரா? பெருநாளைக்கும் இருப்பாரா?

அடுத்த நாள் காலை வாப்பா ஒரு தாளில் பாடத்தை எழுதி எடுத்துக்கொண்டார். முன்அறையில் பாய் விரித்து றிப்னாவும் பரீனாவும் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு அஸ்கியும் ஓடிவந்து நடுவில் உட்கார்ந்துகொண்டான். அவன் முதலாம் வகுப்பு. கூப்பிடாமலே எல்லா இடத்துக்கும் வருவான்.

வாப்பா தொண்டையைக் கனைத்தார். தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"புகையிரதமொன்றின் தடுப்புத் தொகுதியானது, அதன் செயற்பாட்டின் அடிப்படையில், பின்வருமாறு வகைப்படுத்தப்படலாம்…"

பரீனாவின் தலை மெல்ல மெல்லச் சாய்ந்து றிப்னாவின் தோளில் வந்து நின்றது. குறட்டைச் சத்தமும் கேட்டது.

அஸ்கி கையை உயர்த்தினான். "மாமா, கோச்சி எப்ப வரும்?"

"இது பிரேக்கைப் பத்தின பாடம், மகன்."

"பிரேக்கு எப்ப வரும்?"

வாப்பா தாளைப் பார்த்தார். தூங்கும் பரீனாவைப் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்துபோயின. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"எனக்கு ஏலா, சபூறா" என்றார் உம்மாவிடம். "நான் மாகோவுக்கே போறன். கோச்சிட்ட ஒண்டும் சொல்லிக் குடுக்கத் தேவல்ல."

உம்மா தறிக்குப் போனார். தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அன்று அதுவும் மெதுவாகவே கேட்டது.

றிப்னா வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். 'வாப்பாவுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியும். சொல்லத்தான் தெரியாது. அப்படியென்றால் சொல்லாமலே படிப்பிக்க முடியாதா?'

அஸ்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த ஊரில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "றிப்னா தாத்தா, கோச்சியை டப்பெண்டு நிப்பாட்ட ஏலாதா?"

"ஏன் ஏலாது?"

"பாடம் அவ்வளவு நீளமா இரிக்கே."

'நிறுத்தியே பார்த்துவிட்டால் என்ன?' என்று றிப்னா எழுந்து நின்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

பின்னேரம் அவள் வாப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தெருப்பிள்ளைகள் எல்லாரும் அங்கே வந்திருந்தார்கள். கரையில் இழுத்துவைத்த தோணிகளுக்குப் பக்கத்தில் ஈரமணல் பாய் விரித்ததுபோல் கிடந்தது.

"வாப்பா, நீங்க ஒண்டும் கதைக்க வாணாம். கோச்சியை மட்டும் ஓட்டுங்க. நாங்கதான் கோச்சி" என்றாள் றிப்னா.

"இதென்ன விளையாட்டு, மகள்?"

"நீங்க கையைத் தூக்கினா ஓடுவம். கையைக் கீழ போட்டா நிப்பம். அவ்வளவுதான்."

றிப்னா எஞ்சின். அவளுக்குப் பின்னால் பரீனா. பிறகு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி நீண்ட வரிசை. கடைசிப் பெட்டி அஸ்கி.

வாப்பா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "கூ…!" என்று ரயில் புறப்பட்டது. நண்டுகள் வளைக்குள் ஓடி ஒளிந்தன. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரயில் வேகம் பிடித்தது. வாப்பா கையைக் கீழே போட்டார்.

றிப்னா டக்கென்று நின்றாள்.

மற்றவர்கள் நிற்கவில்லை! பரீனா றிப்னாவின் முதுகில் மோதினாள். பரீனாவின் முதுகில் அடுத்தவன் மோதினான். கடைசியில் அஸ்கி பந்துபோல் உருண்டு மணலில் குப்புற விழுந்தான்.

"ஆ…!" என்று அழுதான் அஸ்கி. வாயெல்லாம் மணல்.

வாப்பா ஓடிவந்து அவனைத் தூக்கினார். மணலைத் தட்டிவிட்டார். காயம் ஒன்றுமில்லை.

"நீங்க நிக்கச் சொன்னது எனக்குத் தெரியாதே!" என்று விம்மினான் அஸ்கி. "எனக்கு முன்னால எல்லாரும் மறைச்சிக்கிட்டு இரிக்காங்க!"

வாப்பா வரிசையை முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தார். பிறகு அவருடைய குரல் மெல்ல உயர்ந்தது.

"சரியாச் சொன்னாய், மகன்! அதுதான் கோச்சி! எஞ்சின்ல பிரேக் புடிச்சா, கடைசிப் பெட்டிக்கு அந்தச் சேதி போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுக்குள்ள பின்பெட்டி எல்லாம் வந்து முன்பெட்டியைத் தள்ளும். உள்ளுக்க இரிக்கிற சனம் எல்லாம் விழும். இப்ப சொல்லுங்க, சாரதி என்ன செய்யணும்?"

பிள்ளைகள் யோசித்தார்கள்.

"மெதுவாப் புடிக்கணும்!" என்றாள் பரீனா. இந்தத் தடவை அவள் நன்றாக விழித்திருந்தாள்.

"நிக்கிறதுக்கு முந்தியே கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்" என்றாள் றிப்னா.

"அப்ப செஞ்சி பாப்பமா?"

மறுபடியும் ரயில் புறப்பட்டது. இந்த முறை வாப்பா கையை ஒரேயடியாகப் போடவில்லை. மெல்ல மெல்ல இறக்கினார். றிப்னாவும் ஓட்டத்தை நடையாக்கி, நடையை இன்னும் குறைத்தாள். வேகம் குறைவது ஒவ்வொருவருடைய கைக்கும் தெரிந்தது. ரயில் பாம்புபோல் நெளிந்து மெதுவாக நின்றது. அஸ்கி விழவில்லை.

"நான் விழல்ல! நான் விழல்ல!" என்று அவன் குதித்தான். குதித்த வேகத்தில் விழுந்தான். அது வேறு விஷயம்.

வாப்பா ஒரு தோணியின் விளிம்பில் உட்கார்ந்தார். பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள்.

"ஒருநாள் விடியக்காலம் ஹபரணைக் காட்டுக்குள்ள வாறன்" என்று அவராகவே தொடங்கினார். "தூரத்தில தண்டவாளத்துக்கு நடுவில கறுப்பா ஒண்டு நிக்குது. கல்லா, மரமா எண்டு தெரியல்ல. பாத்தா, ஆனைக்குட்டி!"

"அல்லாஹ்!" என்றாள் பரீனா.

"டக்கெண்டு பிரேக்கைப் புடிச்சா உள்ளுக்க நித்திரை கொள்ளுற சனம் விழும். புடிக்காட்டிக் குட்டி போயிரும். கண்டவுடனே மெல்லப் புடிச்சன். இன்னும் கொஞ்சம் புடிச்சன். கூவ வெச்சன். குட்டி அசையல்ல. எனக்கு வேர்த்துக் கொட்டுது. அந்த நேரம் காட்டுக்குள்ளயிருந்து தாய் ஆனை வந்திச்சி. தும்பிக்கையால குட்டிட பின்பக்கம் ஒண்டு போட்டிச்சி, ஒங்கட உம்மாமார் போடுறமாதிரி! குட்டி ஓடிப்போயிட்டு. கோச்சியும் நிண்டுட்டு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். வலை தைத்தவர்களும் கைதட்டினார்கள்.

றிப்னா வாப்பாவின் காதருகே போய்ச் சொன்னாள். "வாப்பா, நீங்க இப்ப எவ்வளவு நேரம் கதைச்சீங்க தெரியுமா? தாள் பைக்குள்ளயே இரிக்கி."

வாப்பா பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "இது சின்னப்புள்ளைகள்ற விளையாட்டு, மகள். அங்க பெரிய ஆக்கள். சிரிப்பாங்க."

"சிரிச்சா நல்லதுதானே. நித்திரை கொள்ள மாட்டாங்க!"

புதன்கிழமை காலை உம்மாவுக்கு நெசவு ஓடர் முடித்துக் கொடுக்கும் நாள். அதனால் உம்மாவுக்குப் பதிலாக றிப்னா வாப்பாவோடு பஸ் ஏறினாள். கல்லடிப் பாலம் வந்தபோது, "தலை இடிக்கிது" என்றார் வாப்பா. "பசி வாப்பா" என்றாள் றிப்னா. அவளுக்கு வாப்பாவில் நம்பிக்கை இருந்தது. அதைவிட ரயில் நிலையத்து வடையில் ஆசை இருந்தது.

வகுப்பறை ரயில் மேடையின் ஓரத்திலேயே இருந்தது. றிப்னா வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்தாள். திறந்த ஜன்னலால் எல்லாம் தெரிந்தது. முதுகுப்பைகளோடு இளைஞர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒரு பெண்ணும் இருந்தாள். நிரோஜினி என்று அவளுடைய பெயரட்டையில் எழுதியிருந்தது. ஒரு மூலையில் நல்லரெத்தினம் மாமா. முன்வரிசையில் சப்பாத்துப் பளபளக்க, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பெரிய அதிகாரி.

வாப்பா உள்ளே போனார். அதிகாரியைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

'ஐயோ, வாணாம் வாப்பா!' என்று றிப்னா மனதுக்குள் கத்தினாள்.

"புகையிரதமொன்றின் தடுப்புத் தொகுதியானது…"

கடைசி வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். அடுத்தவனுக்கும் அது தொற்றியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

றிப்னா வாங்கை விட்டு எழுந்தாள். உள்ளே போனால் சத்தம் போடுவார்கள். கூப்பிடவும் முடியாது. அவள் ஜன்னலுக்கு நேரே, வாப்பாவுக்கு மட்டும் தெரியும் இடத்தில் போய் நின்றாள். வாயைப் பொத்திக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் ரயில் சக்கரம்போல் சுற்றினாள். மறுபடி வாயைப் பொத்தினாள். மறுபடி சக்கரம் சுற்றினாள்.

"என்ன புள்ள, வயித்துக்குள்ள ஏதும் செய்யுதா?" என்று வடைக்கூடையோடு போனவர் கவலையோடு கேட்டார்.

"இல்ல ஐயா, கோச்சி ஓட்டுறன்" என்றாள் றிப்னா.

வாப்பா நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். பிறகு தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"எல்லாரும் எழும்புங்க. பையை முதுகில போடுங்க. வெளியில போவம்" என்றார். அந்தக் குரல் கடற்கரையில் கேட்ட குரல்.

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "மஜீட், பாடம் உள்ளுக்குத்தானே?"

"கோச்சி வெளியில ஓடுறது சேர்."

நல்லரெத்தினம் மாமா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

அந்த நேரத்தில் ரயில் எதுவும் இல்லை. மேடை காலியாகக் கிடந்தது. வாப்பா நிரோஜினியை முன்னால் நிறுத்தினார். "நீங்க எஞ்சின். நான் கையைத் தூக்கினா ஓடுங்க, கீழ போட்டா நில்லுங்க." மற்றவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகுப்பையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் வெட்கத்தோடு சிரித்தார்கள். வாப்பா வரிசையின் முடிவுவரை நடந்து போனார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

"சேர், கடைசிப் பெட்டிக்கு ஆள் வேணும்."

அதிகாரி தன் சப்பாத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார்.

"நானா?"

"ஓம் சேர். கடைசிப் பெட்டியில என்ன நடக்குதெண்டு தெரியாம ஒருத்தரும் நல்ல சாரதியாக ஏலாது."

அதிகாரி நடந்துவந்து கடைசி முதுகுப்பையைப் பிடித்துக்கொண்டார்.

வாப்பா திரும்பவும் முன்னால் வந்து கையைத் தூக்கினார். ரயில் புறப்பட்டது. வேகம் பிடித்தது. வாப்பா கையை டக்கென்று போட்டார். நிரோஜினி நின்றாள். பட், பட், பட் என்று எல்லாரும் மோதினார்கள். அதிகாரி முன்னால் நின்றவனின் பையில் மூக்கை இடித்துக்கொண்டார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

றிப்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல?" என்றார்.

"அதைத்தான் சேர் நானும் இவங்கட்டக் கேக்கப்போறன்" என்றார் வாப்பா. "ஏன் கடைசிப் பெட்டிக்குத் தெரியல்ல? ஆரு சொல்றீங்க?"

ஒரே நேரத்தில் பல கைகள் உயர்ந்தன. நிரோஜினி ஒரு காரணம் சொன்னாள். கொட்டாவி விட்டவன் இன்னொன்று சொன்னான். வாப்பா மேடையில் குந்தியிருந்து சோக்கால் பெட்டிகளை வரைந்தார். எல்லாரும் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். பிறகு மறுபடி ரயில் ஓடியது. இந்தத் தடவை மெல்ல, மெல்ல, மெல்ல நின்றது. அதிகாரியின் கண்ணாடி அசையவில்லை.

"இன்னொருக்கா ஓடுவமா?" என்று அதிகாரிதான் கேட்டார்.

வகுப்பு முடிந்தபோது அவர் வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "திங்கட்கிழமை வேலையைத் தொடங்குங்க மஜீட்" என்றார். மூக்கைத் தடவிக்கொண்டே போனார்.

நல்லரெத்தினம் மாமா றிப்னாவுக்கு ஒரு கடதாசிப் பை நிறைய வடை வாங்கிக் கொடுத்தார். வாப்பா அவளுடைய தலையில் கையை வைத்தார். அந்தக் கை பஸ் நிற்கும் இடம்வரை விலகவேயில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் றிப்னா பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். வாப்பா இறங்கினார்.

"வாப்பா, இண்டைக்கு என்ன படிப்பிச்சீங்க?"

வாப்பா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது!

வீட்டுக்கு வந்ததும் உம்மா பதறிப்போனார். "என்ன நடந்த? காய்ச்சலா?"

"கேள்வி… காலையில இருந்து கேள்வி கேக்காங்க" என்று வாப்பா கிசுகிசுத்தார். "கதைச்சிக் கதைச்சித் தொண்டை கட்டிப்போச்சி."

உம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே இஞ்சி தட்டிப்போட்டுப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து அஸ்கி வந்துவிட்டான். கூப்பிடாமல்தான். "மாமா, கோச்சிக்கு ஏன் ஸ்டேரிங் இல்ல?"

"போடா, வாப்பாக்குத் தொண்டை ஏலா. நாளைக்கு வா" என்றாள் றிப்னா.

வாப்பா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அஸ்கியைப் பக்கத்தில் இருத்தினார்.

"நல்ல கேள்வி" என்றார், காற்றுக் குரலில். "நீங்களும் வாங்க மகள். சொல்றன்."

பிளேன்டீ ஆறிப்போனது. வாப்பா இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தார்.